அம்மா இருந்த வீட்டை ஒழித்துக் கொடுத்தது: மயிலாடுதுறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பெற்றோர் இருவரும் போன பிறகு அவர்கள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்வது உடம்பு வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாலு ஆள், ஒரு குட்டி யானை வண்டி, ஒரு வாரம் லீவு, முடிந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததை வைத்து நான் சொல்வது வேறு. தூக்க ஆள் எப்போதும் கிடைப்பார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது, எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்று சொல்ல உரிமையுள்ளவர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கும் நாட்கள்தான் கிடைக்காது. அந்த நாட்களை முடிவெடுப்பதற்கு மட்டும் செலவழித்துவிட்டு, மீதியைக் கூலிக்கு விட வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் எங்கள் வேலை சண்டையில்லாமல் நடந்தது.

வீடு மயிலாடுதுறையில், பழைய பெயரில் மாயவரத்தில். நாட்டு ஓடு, ரேழி, கூடம், முற்றம், பின்னால் கொல்லை என்று நீளமாகப் போகும் பழைய வீடு. அப்பா பல வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். அதன் பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தார். புரட்டாசியில் அவரும் போய்ச் சேர்ந்தார். அக்கா திருச்சி, நான் சென்னை, தம்பி அமெரிக்காவில் நியூஜெர்சி. தனியாக இருந்த ஒருவருக்கு எதற்கு இத்தனை அண்டா, இத்தனை பாய், இத்தனை தலையணை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். மாயவரத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுழுக்கு. எங்கள் சிறுவயதில் அந்த மாதத்தில் உறவுக்காரர்கள் கூடத்திலும் திண்ணையிலும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட வைத்திருந்த சாமான்கள் எல்லாம் பரணிலும் மச்சிலும் அப்படியே இருந்தன.

எப்போது காலி செய்வது என்பதே முதல் கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் இந்த வேலையைத் தொடவே கூடாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை போகும். பரணிலிருந்து இறக்கிய சாமானை வைக்க முற்றமும் திண்ணையும் வேண்டும், இரண்டும் நனைந்திருக்கும். தம்பிக்குக் கிறிஸ்துமஸையொட்டித்தான் லீவு, பொங்கல் முடிந்து கிளம்ப வேண்டும். சித்தப்பாவோ, "மார்கழியில வீட்டை ஒழிக்காதீங்கப்பா, தை பொறக்கட்டும்" என்றார். அவரிடம் வாதாட எங்களுக்கு மனமில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதே நல்ல அட்டவணையாக அமைந்தது. மார்கழியில் வீட்டை விட்டு ஒரு சாமானும் வெளியே போகாது. காகிதங்கள் மட்டும் பார்ப்பது, எல்லாவற்றையும் பிரிப்பது. தை பிறந்ததும் வண்டி வரட்டும். பொங்கல் நாட்களில் அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதால் கையெழுத்து வேலைகளையெல்லாம் அதற்கு முன்பே முடித்துவிடுவது என்றும் தீர்மானித்தோம்.

காகிதம்

ஒரு தாளும் ஒரு புத்தகமும் ஒரு டப்பாவும் உதறிப் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. இதை மட்டும் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது போகப் போகத் தெரிந்தது. மூலப்பத்திரம் பீரோ லாக்கரில் இருக்கும் என்று நினைத்தோம். அது அப்பாவின் டிரங்குப் பெட்டியில், அவருடைய பழைய சம்பளப் பட்டியல்களுக்கு நடுவே இருந்தது. வீட்டு வரி ரசீதுகள் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில். எல்ஐசி ரசீது ஒன்று பஞ்சாங்கத்துக்குள். பட்டுப்புடவை மடிப்புகளில் பணம். சுக்கு டப்பாவில் பணம். அதில் சில, 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அவற்றை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வதற்கும் வரம்பு உண்டு: 2017-ல் வந்த சட்டப்படி அந்தப் பழைய ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருந்தால் குற்றம். இரண்டாயிரம் ரூபாய் நோட்டு அப்படியில்லை. 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டாலும் அது செல்லும் நோட்டுதான். சாதாரண வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகத்துக்கு அஞ்சல் வழியாகவே அனுப்பி, கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயர் ஒரு தலைவலி. எங்கள் பத்திரத்தில் ஊர் மாயூரம், மாவட்டம் தஞ்சாவூர். ஊரின் பெயர் மயிலாடுதுறை என்று மாறியது 1982-ல். 1991-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது நாங்களும் அதோடு போனோம். 2020-ல் மயிலாடுதுறையே மாவட்டமானது. ஆக, ஒரு வீட்டுக்கு மூன்று மாவட்டத்து முகவரிகளில் தாள்கள். உள்ளூர் அதிகாரிகளுக்கு இது பழகிப்போன விஷயம், ஒன்றும் கேட்பதில்லை. வெளியூர் வங்கிக் கிளையில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. டெல்டாவில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இந்தப் பெயர் மாற்றங்களை வருடத்தோடு ஒரு தாளில் எழுதிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.

சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்பதையும் சாமானைத் தொடுவதற்கு முன்பே பேசிவிட்டோம். வீடு அப்பா பெயரில் இருந்தது, உயில் இல்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் போனபோதே அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. இப்போது அம்மாவின் கால் பங்கும் எங்கள் மூவருக்கும் சமமாக வருகிறது. அப்பா போனபோது யாரும் பட்டாவை மாற்றவில்லை. எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை. அதனால் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என இரண்டு வாரிசுச் சான்றிதழ்கள் தேவைப்பட்டன. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரணை முடிந்து, வட்டாட்சியரிடமிருந்து வரும். அம்மாவின் பெயர் ஒரு தாளில் அப்பாவின் முதலெழுத்தோடும் இன்னொன்றில் தாத்தாவின் முதலெழுத்தோடும் இருந்தது. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டோம். பல இடங்களில் அது கைகொடுத்தது.

தம்பி ஊரில் இருக்கும்போதே, அவன் சார்பில் அக்கா கையெழுத்துப் போட உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரத்தை எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டோம். எங்களுடைய எல்லா வேலைகளிலும் அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது இதுதான் என்பேன். அவன் அங்கே போன பிறகு என்றால் இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, கையெழுத்துப் போட்டு, இங்கே அனுப்பி, வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நேரில் இருப்பவர் கையெழுத்தை நேரில் வாங்கிவிட வேண்டும்.

வங்கி விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அண்ணன் தம்பிகள் பிரிந்துபோவது இங்கேதான். அம்மாவின் வங்கி வைப்புத்தொகைக்குத் தம்பிதான் நாமினி. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம்; அதனால் பணம் அவருடையதாகிவிடாது. ஆயுள் காப்பீடு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பங்குகள் தொடர்பான வழக்கிலும் 2023-ல் அதையே உறுதி செய்தது. தம்பி இதைத் தானாகவே எடுத்துச் சொன்னான்: "பேரு என்னுதா இருந்தா என்ன, மூணா பிரிச்சிக்கலாம் அக்கா." அன்று வீட்டிலிருந்த இறுக்கம் குறைந்ததை நான் பார்த்தேன்.

அப்பாவின் பெட்டியில் பாங்க் ஆஃப் தஞ்சாவூர் பாஸ்புக் ஒன்றும் கிடைத்தது. அந்த வங்கி 1990-லேயே இந்தியன் வங்கியோடு இணைந்துவிட்டது. இப்படிப்பட்ட பாஸ்புக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பத்து வருடம் யாரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போகும். வாரிசுகள் வங்கி வழியாக அதைக் கேட்டுப் பெறலாம். அப்படிக் கிடக்கும் கணக்குகளைப் பெயர் போட்டுத் தேட 2023-ல் உட்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. காகித வடிவப் பங்குப் பத்திரங்களும் அப்படித்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அவற்றை விற்று மாற்ற முடியாதே தவிர, வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

அம்மாவின் கைபேசி எண்ணை நாங்கள் விடவில்லை. அவசரப்பட்டு அதைத் துண்டித்தால் வங்கி, கேஸ், மின்வாரியம் என்று எல்லா ஓடிபியும் போய்விடும். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். அதனால் ரீசார்ஜ் செய்து, அக்காவின் கைப்பையிலேயே வைத்திருந்தோம்.

சாமான்

அம்மாவுக்கு உதவியாக நெடுங்காலம் வீட்டில் வேலை செய்த பெண்மணியைத்தான் முதலில் உட்காரவைத்துப் பேசினோம். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்தப் பாத்திரம் யாரிடம் இரவல் போயிருக்கிறது, அடகில் ஏதாவது இருக்கிறதா, எதிர்வீட்டுக்கு அம்மா தர வேண்டியது என்ன என்று எங்களைவிட அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டோம். கிரைண்டரும் அம்மாவின் நூல் புடவைகளும் போதும் என்றார். கட்டிலும் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்த்துக் கொடுத்தோம். பிள்ளைகள் பிரித்துக்கொண்டு மிஞ்சியதை வேலைக்காரருக்குக் கொடுப்பது என்ற வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் அவர்.

பிரிப்பதற்குக் கூடத்தை எடுத்துக்கொண்டோம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அக்காவுக்கு, எனக்கு, தம்பிக்கு, கொடுப்பதற்கு, விற்பதற்கு என்று பிரித்தோம். விருப்பப்பட்டதை எடுப்பதற்கு முறை வைத்தோம்: ஒரு சுற்றில் அக்கா முதலில், அடுத்த சுற்றில் நான், அதற்கடுத்து தம்பி. இரண்டு பேர் ஒரே பொருளைக் கேட்டால் அதை நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் இருந்த அறையில் வைத்துவிட்டு மேலே போவது. போட்டியில் நின்ற பொருட்கள் மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்திருக்கும்.

பாத்திரம்தான் பெரிய வேலை. பரணிலிருந்து இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தது: தவலை, அண்டா, குத்துப்போணி, உருளி, வெண்கலப் பானை, அடுக்கு, தாம்பாளம். பல பாத்திரங்களின் கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. பாட்டியின் பெயர், அம்மாவின் கல்யாணத் தேதி, மொய்யாகக் கொடுத்த உறவுக்காரர் பெயர். புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் எழுத்து தெரியும். அதனால் எடை போடும் முன் கழுவித் தேய்க்க இரண்டு பேரைக் கூலிக்கு வைத்தோம். பெயர் வெட்டிய பாத்திரங்களில் பலவற்றை அந்தந்தப் பெயருக்குரியவர்களின் பிள்ளைகளைத் தேடிக் கொடுத்தோம். "எங்கம்மா பேரு இதுல இருக்கா?" என்று கும்பகோணத்திலிருந்து ஓர் அத்தை மகள் வண்டி எடுத்துக்கொண்டு வந்து ஒரு தாம்பாளத்தை வாங்கிப் போனாள்.

விற்பதற்கென்று ஒதுக்கியதில் கவனிக்க வேண்டியது நிறைய. பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றுக்கும் விலை வேறு வேறு. வாங்க வருபவர் மூன்றையும் ஒன்றாகக் கொட்டி "எல்லாம் பித்தளைதாங்க" என்பார். தட்டிப் பார்த்தால் வெண்கலம் மணி போல் நின்று ஒலிக்கும். பித்தளையின் ஒலி சட்டென்று அடங்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் மேலே பித்தளை முலாம் போட்ட இரும்பு ஒட்டிக்கொள்ளும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பைக் காரீயம் என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கேட்பார்கள். அசல் சொம்பு வெள்ளீயம். விலை எங்கேயோ இருக்கும். முதலில் வந்த வியாபாரி தன் தராசில் போட்ட எடைக்கும், நாங்கள் வைத்திருந்த தொங்கு தராசின் எடைக்கும் நல்ல வித்தியாசம் இருந்தது. அவரை அனுப்பிவிட்டு, கடைக்கே எடுத்துப் போய் எலெக்ட்ரானிக் தராசில் கண்ணெதிரே போட்டோம். கையில் ஒரு சின்ன தராசு இல்லாமல் பழைய பாத்திரம் விற்க யாரும் உட்கார வேண்டாம்.

நகையை வீட்டில் வைத்துப் பேசவில்லை. மூவருமாக நகைக்கடைக்குப் போய், கல், அரக்கு கழித்து நிகர எடை எழுதி வாங்கினோம். எடையில் வந்த வித்தியாசத்தை அன்றைய விலையில் பணமாக நேர் செய்துகொண்டோம். அம்மா வாய்வார்த்தையாக "இது மூத்தவளுக்கு" என்று சொல்லியிருந்த ஒற்றை வடச் சங்கிலியை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் மூவருக்கும் ஒரே எண்ணம்.

தம்பிக்குப் பூஜை அறையிலிருந்த தஞ்சாவூர் ஓவியத்தின் மேல் ஆசை, வெண்ணெய்க் கிருஷ்ணன். கொள்ளுத்தாத்தா காலத்தது. அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக முடியாது. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம், சிலை போன்றவற்றைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது; சுவடிகளுக்கு அந்த வரம்பு எழுபத்தைந்து வருடம். நூறு வருடம் ஆகாததென்றால் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிப் போகலாம். எங்களுடையதற்கு அந்த வாய்ப்பில்லை. அக்கா வீட்டுக்குப் போயிற்று, நல்ல புகைப்படம் எடுத்துத் தம்பி மாட்டிக்கொண்டான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பழைய பஞ்சலோக விக்கிரகமும் இருக்கும். விமான நிலையத்தில் தெரிந்துகொள்வதைவிட முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அப்பாவின் புத்தகங்களை எடைக்குப் போடவில்லை. அலமாரி அலமாரியாக முதுகுப்பக்கத்தைப் படமெடுத்துப் பட்டியல் போட்டோம். ஊர் நூலகமும் பள்ளி நூலகமும் வேண்டியதை எடுத்துக்கொண்டன. பழைய இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள், தனிச்சுற்று மலர்கள் ஆகியவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இவற்றுக்கு மதிப்பு உண்டு. மூட்டை கட்டிக் கொண்டுபோய் வாசலில் இறக்காமல், பட்டியலை அனுப்பிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

உரியவர்கள் கூட இருக்கும் நாட்கள் குறைவு என்ற நெருக்கடி புகைப்படங்களில் இன்னும் கூடுதல். முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர் சித்தி ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் வயதாகிவிட்டது. ஸ்கேன் செய்வதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு படத்தையும் காட்டி, அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்தோம். படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எண் மட்டும் எழுதினோம். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல், பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு நகர்த்தி எடுத்தோம்.

கடைசி வாரங்கள்

தம்பி கிளம்பிய பிறகு மிஞ்சியதெல்லாம் கூலி வேலைதான். அதை அக்காவும் நானும் மாறி மாறி ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொண்டோம். நடைபழகியும் சக்கர நாற்காலியும் தெருவிலேயே தேவைப்பட்டவருக்குப் போயின. இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மருத்துவமனையில் கேட்டு ஒப்படைத்தோம். குப்பைப் பையில் போட்டால் துப்புரவுத் தொழிலாளர் கையில் குத்தும். பழைய பேப்பர், இரும்பு, பாட்டில் எல்லாம் காயலான் கடைக்கு.

பத்தாயம்தான் இழுத்தடித்தது. அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டியது, நிலைவாசல் வழியாக வெளியே வராது. உள்ளூர் தச்சர் ஒருவரை வைத்து அடுக்கு அடுக்காகக் கழற்றினோம். அடிப்பலகையைக் கரையான் அரித்திருந்தது, மேலடுக்குகள் நல்ல நிலையில். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய மரச் சாமான் வாங்கும் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே படம் அனுப்பிக் கேட்டோம். கேட்ட விலையில் லாரி வாடகை போக மிஞ்சுவது அதிகமில்லை. தச்சரே பலகைகளை வாங்கிக்கொண்டார். எனக்கு அதில் திருப்திதான். அவர் பட்டறையில் அந்தப் பலகை கதவாகவோ ஊஞ்சலாகவோ மாறும்.

மின் இணைப்பையும் கேஸையும் கடைசி வரை வைத்திருந்தோம். வீடு கழுவ மோட்டார் ஓட வேண்டும், ஆட்களுக்குக் காபி போட அடுப்பு வேண்டும். எல்லாம் முடிந்ததும் சிலிண்டர், ரெகுலேட்டர், இணைப்பு வாங்கியபோது கொடுத்த வவுச்சர் மூன்றையும் ஏஜென்சியில் கொடுத்தால் வைப்புத்தொகை திரும்ப வரும். அந்த வவுச்சரில் இருக்கும் தொகைதான் கிடைக்கும், இன்றைய தொகை அல்ல. குடும்ப அட்டையை ஒப்படைத்தோம்.  அம்மா வாங்கிவந்த குடும்ப ஓய்வூதியத்தில், அவர் போன பிறகு கணக்கில் வரவான தொகையைக் கருவூலத்துக்குத் திருப்பிக் கட்டினோம். யாராவது கேட்கும் வரை காத்திருக்க வேண்டிய பணம் அல்ல அது.

சித்திரையில் ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பம் வாடகைக்கு வந்துவிட்டது. விற்பதா வேண்டாமா என்பதை இப்போதைக்குப் பேச வேண்டாம் என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். வாடகை அக்கா பெயரில் தனிக் கணக்கில் சேர்கிறது. வீட்டு வரி, ஓடு மாற்றும் செலவு எல்லாம் அதிலிருந்துதான். பட்டாவை மூவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முற்றத்து ஆட்டுக்கல்லையும் அம்மியையும் யாரும் எடுக்கவில்லை. வந்திருக்கும் குடும்பத்தார் அம்மியைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டோம்.